காம் பெற்ற பிள்ளைகளா நாம்?

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவருடைய மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நாம கறுப்பா இருக்கிறது ஒரு சாபமாம். காம்னு ஒருத்தர் அவங்கப்பாவப் பாத்து சிரிச்சிட்டாராம். அதுக்குக் கிடைச்ச சாபமாம். நாமெல்லாம் அவரோட வம்சமாம். நெஜமா?"

நண்பர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என் சின்ன வயசுலயும் இதையேதான் சொன்னாங்கண்ணே. இன்னும் மாத்தல போலருக்கு."

நான் அந்த நேரத்துக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூலக்கதை. ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் வருகிறது. வெள்ளம் வடிந்த பிறகு நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார். அதன் ரசத்தைக் குடித்துவிட்டுக் கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். அவருக்கு மூன்று மகன்கள்: சேம், காம், யாப்பேத். காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் மற்ற இருவரிடமும் சொல்கிறான். அவர்கள் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடந்து போய் மூடிவிடுகிறார்கள். போதை தெளிந்த நோவா சபிக்கிறார்.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் இருக்கிறது. அவர் காமைச் சபிக்கவில்லை. காமின் மகன் கானானைத்தான் சபிக்கிறார், அவன் தன் சகோதரர்களுக்கு வேலைக்காரனாக இருப்பான் என்று. தப்பு பண்ணியது அப்பன், சாபம் வாங்கியது பிள்ளை. ஏன் அப்படி என்று உரை எழுதியவர்கள் இரண்டாயிரம் வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கானான் நாட்டைப் பிடித்துக்கொண்ட இஸ்ரவேலர்களின் நடுவில் வழங்கிய கதை இது என்பதை நினைவில் வைத்தால் எனக்குப் பெரிய புதிராகத் தெரியவில்லை. பக்கத்து ஊரை ஜெயித்தவன் அந்த ஊருக்கு ஒரு சாபக்கதை வைத்திருப்பான்.

காம் சிரித்தான் என்று அங்கே இல்லை. தோல் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த அதிகாரம் ஒரு பட்டியல். மூன்று மகன்களுக்கும் பிறந்தவர்கள், அவர்களிடமிருந்து வந்த ஜனங்கள். மரபாக எழுபது ஜாதிகள் என்று எண்ணுவார்கள். காமுக்கு நான்கு பிள்ளைகள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கே உள்ள நாடு, மிஸ்ராயீம் எகிப்து, பூத் பெரும்பாலும் லிபியா என்று கொள்கிறார்கள். இந்தப் பட்டியலில் இந்தியா கிடையாது. வேதாகமத்தில் இந்துதேசம் என்ற பெயர் வருவது வேறு இடத்தில், எஸ்தரின் புத்தகத்தில், பாரசீக ராஜாவின் எல்லையைச் சொல்லும்போது. அங்கேயும் அதற்கு அப்பன் பெயர் சொல்லப்படவில்லை.

இன்னொரு வேடிக்கை. சேபா என்ற பெயர் இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று காமின் பேரன் வழியில், இன்னொன்று சேமின் வம்சத்து யொக்தானின் மகனாக. ஆவிலா என்ற பெயரும் அப்படியே. ஒரே நாடு எப்படி இரண்டு அப்பனுக்குப் பிறக்கும்? யார் யாரோடு வியாபாரம் வைத்திருந்தார்கள், யார் யாருக்குக் கப்பம் கட்டினார்கள் என்பதைத்தான் அந்தக் காலத்தில் இப்படி அப்பன் பிள்ளை முறையாக எழுதிவைத்தார்கள் என்பது என் எண்ணம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் பங்காளி முறை மாமன் முறை இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தி வருவதில்லையா, அது மாதிரி.

சரி, பட்டியலில் இல்லாத நம்மை அதற்குள் யார் கொண்டுபோய்ச் சேர்த்தது? ஒருவர் இல்லை, பல பேர். அதுவும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில்.

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், யொக்தானின் பிள்ளைகள் இந்தியாவில் கோபென் என்ற ஆற்றுப் பக்கம் குடியிருந்தார்கள் என்று எழுதினார். அவர் கணக்குப்படி அந்தப் பக்கத்து ஆட்கள் சேம் வம்சம். அரபு வரலாற்றாசிரியர்கள் வேறு வழி போனார்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த தபரி தொகுத்த செய்திகளில் ஹிந்து, சிந்து இரண்டு நாட்டு மக்களும் ஹாமின் வழி. (நம் முஸ்லிம் நண்பர்கள் ஹாம் என்றுதான் சொல்வார்கள். தமிழ் வேதாகமத்தில் அது காம் ஆகிப்போனதால் வகுப்பில் பையன்கள் சிரிப்பது தனிக்கதை.)

இதையே விரிவாக எழுதியவர் பிஜப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராகிம் அடில்ஷாவின் ஆதரவில் இருந்த பெரிஷ்தா. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். அவர் சொல்கிற கதை இது: ஹாமின் மகன் ஹிந்த். ஹிந்துக்கு நாலு பிள்ளைகள்: பூரப், பங், தக்கன், நஹர்வால். கிழக்கு, வங்காளம், தக்காணம், குஜராத் என்று வைத்துக்கொள்ளலாம். தக்கனுக்கு மூன்று பிள்ளைகள்: மர்ஹட், கன்ஹர், திலங். அதாவது மராத்தியர், கன்னடர், தெலுங்கர்.

தமிழனைக் காணோம்!

நான் முதல்முறை படித்தபோது ஏதாவது பக்கம் விட்டுப்போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். விட்டுப்போகவில்லை. பெரிஷ்தா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் தக்காணம் என்பது அந்த மூன்று மொழிக்காரர்கள்தான். பிஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிக்குள் இருந்தவர்கள் அவர்கள்தான். பிஜப்பூரின் தளபதியாக வந்த ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டது 1675 வாக்கில். பெரிஷ்தா இன்னும் எழுபது வருஷம் கழித்து எழுதியிருந்தால் தக்கனுக்கு நாலாவதாக ஒரு பிள்ளை பிறந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடல் வழியாகவும் இந்தக் கதை வந்தது. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் சீகன்பால்க் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்க்கத் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போன பழைய ஏற்பாட்டை ஷுல்ட்ஸ் தொடர்ந்தார். அதன் முதல் பகுதி 1723-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி வந்தது. நோவாவும் மூன்று பிள்ளைகளும் தமிழ் அச்சில் ஏறியது அப்போதுதான், அதுவும் நம் டெல்டாவின் கரையில்.

ஆனால் 'நீங்கள் காமின் பிள்ளைகள்' என்று நம்மிடம் படித்த தோரணையில் சொன்னவர்கள் பாதிரிமார்களைவிட கம்பெனி அதிகாரிகள்தான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1792-ல் ஆசியக் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பே மக்களினங்களின் தோற்றம் பற்றியது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு குடும்பம் என்று 1786-ல் சொன்ன அதே ஜோன்ஸ். அவர் உலகத்தை மூன்றாகப் பிரித்தார். யூதரும் அரபியரும் சேம். தார்த்தாரியர் யாப்பேத். இந்தியர், பாரசீகர், எகிப்தியர், அவர்களோடு கிரேக்கர், ரோமர் எல்லாரும் காம்! அவர் கணக்கில் காசிப் பண்டிதரும், தஞ்சாவூர் உழவரும், சீசரும் பங்காளிகள். காம் என்றாலே தாழ்ந்தவன் என்ற எண்ணம் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணத்தை வேறு ஆட்கள் வேறு தேவைக்காகக் கட்டிவிட்டார்கள்.

ஜோன்ஸுக்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. காசியில் இருந்த பிரான்சிஸ் வில்போர்ட் என்ற ராணுவ அதிகாரி, பத்ம புராணத்தில் கிடைத்ததாக ஒரு பகுதியை அனுப்பினார். சத்தியவர்மன் என்ற அரசன், வெள்ளத்தில் தப்பியவன். அவனுக்கு மூன்று பிள்ளைகள்: சர்மா, சார்மா, ஜ்யாபதி. அரசன் மது குடித்து மயங்கிக் கிடக்க, சார்மா பார்த்துச் சிரிக்க, அப்பன் அவனைச் சபிக்க... அப்படியே ஆதியாகமம். ஐரோப்பாவே அசந்துபோனது. வேதாகமத்துக்கு இந்தியாவிலிருந்தே ஆதாரம்!

எல்லாம் பொய். வில்போர்டிடம் வேலை பார்த்த பண்டிதர், துரை எதைத் தேடுகிறார் என்று பார்த்துவிட்டு அதையே சுலோகமாகக் கட்டி, ஏட்டில் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஏடுகளைப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வில்போர்டுக்கு வெளிச்சமானது. பண்டிதர் லேசில் விடவில்லை. பத்து பிராமணர்களைக் கூட்டிவந்து சத்தியம் பண்ண வைத்தாராம். வில்போர்ட் 1805-ல் தான் ஏமாந்ததை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். ஜோன்ஸ் 1794-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு இது தெரியாமலே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தக் குழந்தைக்குச் சொன்ன 'சிரித்த' காமை நினைத்துக்கொண்டேன். மூல நூலில் இல்லாத அந்தச் சிரிப்பு காசி ஏட்டில் இருந்தது. பல நாட்டு உரைகளிலும் கதைகளிலும் ஏற்கெனவே இருந்த சிரிப்புத்தான் அது. துரையின் காதுக்குப் பழகிய கதையாக இருக்க வேண்டும் என்று பண்டிதர் அதையும் விடாமல் சேர்த்துவிட்டார்.

இதில் ஒரு சோகமும் இருக்கிறது. பொய் ஏடே தேவையில்லை. பாகவத புராணத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் அசல் வெள்ளக்கதை இருக்கிறது. அதில் மீனைக் கையில் ஏந்துகிற சத்தியவிரதன் திராவிட நாட்டு அரசன். கிருதமாலை ஆற்றில், அதாவது மதுரைப் பக்கத்தில், தர்ப்பணம் பண்ணும்போது மீன் வருகிறது. அவனே அடுத்த மனு ஆகிறான். இந்தக் கணக்கில் நோவாவுக்குச் சமமான ஆளே தமிழ்நாட்டுக்காரர். சாபம் வாங்கிய பிள்ளை இல்லை, படகில் ஏறிய அப்பா!

அடுத்து மொழி ஆராய்ச்சி வந்தது. சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816-ல் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று காட்டினார். இனி நோவாவை விட்டுவிடலாம் என்று பார்த்தால், அதுவும் நடக்கவில்லை. மாக்ஸ் முல்லர் 1854-ல் தமிழைத் தூரானிய மொழிகள் என்ற பெரிய மூட்டைக்குள் போட்டுக் கட்டினார். தூரான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஈரானியக் கதையில் பரீதூன் என்ற அரசனுக்கு மூன்று மகன்கள்: சல்ம், தூர், ஈரஜ். சகோதரனைக் கொன்ற பாவி தூர், அவன் நாடு தூரான். ஒரு கிழவரின் மகனிடமிருந்து நம்மை எடுத்து இன்னொரு கிழவரின் மகனிடம் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் பாருங்கள், நமக்குக் கிடைத்தது மறுபடியும் தப்பு செய்த பிள்ளை. கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோதும் சித்திய உறவு என்று வடக்கே கை காட்டினார். அந்த மூட்டை பிற்பாடு அவிழ்ந்துபோனது. திராவிடக் குடும்பம் மட்டும் நின்றது.

வெள்ளைக்காரனையும் அரபியையும் மட்டும் சொல்லி முடித்துவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. நம் பக்கத்துப் புத்தகங்களைத் திறந்தால் அங்கேயும் ஒரு காம் உட்கார்ந்திருக்கிறான்.

யயாதி கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் அகால முதுமை அடைந்த யயாதி, தன் ஐந்து பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் உன் இளமையைக் கொடு என்கிறான். யது மாட்டேன் என்கிறான். துர்வசு மாட்டேன் என்கிறான். துருஹ்யு, அனு அதே பதில். கடைசிப் பிள்ளை புரு மட்டும் கொடுக்கிறான். மறுத்தவர்களுக்கெல்லாம் சாபம். துர்வசுவுக்குக் கிடைத்தது கடுமையான சாபம்: ஒழுக்கமற்ற மிலேச்ச ஜனங்களுக்கு அரசனாக இருப்பாய் என்று. மகாபாரதத்தின்படி துர்வசுவின் வழியில் வந்தவர்கள் யவனர்கள். ஆனால் ஹரிவம்சமும் சில புராணங்களும் வேறு மாதிரிச் சொல்கின்றன. துர்வசுவின் வம்சத்தில் சில தலைமுறை கழித்து வருபவர்கள் பாண்டியன், கேரளன், சோழன்!

அப்பனுக்கு மரியாதை கொடுக்காத பிள்ளை, அப்பனின் சாபம், அந்தப் பிள்ளையின் வழியில் தென்னாட்டு மக்கள். ஆதியாகமத்தைத் திறக்காமலே இதைக் கங்கைக் கரையில் எழுதிவிட்டார்கள். மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. சடங்குகளை விட்டதால் தாழ்ந்துபோன சத்திரியர்கள் என்று ஒரு பட்டியல், அதில் யவனர், சகர், சீனரோடு திராவிடரும். ஐதரேய பிராமணத்தில் விசுவாமித்திரர் பேச்சைக் கேட்காத ஐம்பது பிள்ளைகளைச் சபிக்கிறார். அவர்களிடமிருந்து வருபவர்கள் ஆந்திரர், புண்டரர், சபரர், புலிந்தர். தனக்குத் தெரிந்த நாட்டின் எல்லைக்கு வெளியே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டால், 'அவனும் நம்ம வீட்டுப் பிள்ளைதான், ஆனா அப்பன்கிட்ட திட்டு வாங்கினவன்' என்று கணக்கு முடித்துவிடுவது மனுஷ சுபாவம் போலிருக்கிறது. அண்ணன் தம்பி என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும், சமமாக உட்கார வைக்கவும் கூடாது. சாபம் இரண்டையும் சேர்த்துச் சாதித்துக் கொடுக்கிறது.

தஞ்சாவூர்ச் சோழர்கள் இதற்கு என்ன பண்ணினார்கள் தெரியுமா? துர்வசுவைத் தொடவே இல்லை. தங்களுக்கு வேறு அப்பாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். முதலாம் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்கள். 31 ஏடுகள். அதில் வம்சம் சூரியனிலிருந்து தொடங்குகிறது. சூரியன், மனு, இக்ஷ்வாகு என்று வந்து, புறாவுக்காகச் சதை அறுத்துக் கொடுத்த சிபியைத் தொட்டு, சோழர்களிடம் வந்து சேர்கிறது. சுந்தர சோழர் காலத்து அன்பில் செப்பேடும், நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடும் இதே சூரிய குலக் கணக்குத்தான். மனு யார்? வெள்ளத்தில் தப்பியவர். இக்ஷ்வாகு அவர் மகன். ஆக, நமது ராஜாக்களும் 'வெள்ளத்தில் தப்பிய பெரியவரின் பிள்ளை வழியில் வந்தவர்கள்' என்று சொல்லிக்கொண்டவர்கள்தான். என்ன வித்தியாசம் என்றால், எந்தப் பிள்ளை என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். நல்ல சமஸ்கிருதம் தெரிந்த கவிஞர், செம்பு வெட்டத் தெரிந்த ஆசாரி, எழுதிவைக்க ஒரு தானம், இத்தனையும் கையில் இருந்தால் பிடித்த அப்பாவை வாங்கிக்கொள்ளலாம்.

செப்பேடு வெட்ட வசதி இல்லாதவனின் கதை என்ன?

பேரளத்துக்குப் பக்கத்தில் திருப்பாம்புரம் என்ற ஊர். அங்கே கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1201-ஆம் ஆண்டு. பஞ்சம். ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொள்கிறார். அவரைச் சபித்த நோவா யாரும் இல்லை. யயாதி யாரும் இல்லை. மழை பெய்யவில்லை, அரிசி விலை ஏறிவிட்டது. அவ்வளவுதான்.

இதே டெல்டாவில் 1659 முதல் 1661 வரை இன்னொரு பஞ்சம். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமைக்குள் புகுந்து பயிரை அழித்த சமயம். டச்சுக்காரர்கள் 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுக்கு வழியில்லாமல் வந்தவர்களை, பெற்றோர் விற்ற பிள்ளைகளை, ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றினார்கள். இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும். அதே 1660-ல் ஹாலந்தில் யோஹான் பிகார்ட் என்ற பாதிரியார் ஒரு புத்தகம் வெளியிட்டார். காமின் வம்சத்தாருக்கு அடிமைத்தனம்தான் நல்லது என்று அதில் எழுதினார். நாகப்பட்டினத்துக் கிடங்குக் கணக்கப்பிள்ளை அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆள் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குக் காமும் வேண்டாம், நோவாவும் வேண்டாம். பஞ்ச விலை போதும். வாங்கியவன் ஊரில் மனசாட்சி உறுத்துகிறவனுக்குத்தான் அந்தப் புத்தகம் தேவைப்பட்டது.

நம் ஊர்ப் பண்ணையார்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. நிலத்தை விற்கும்போது அதில் உழுகிற ஆட்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்த சீமை இது. அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசு சொன்னது 1843-ல். அதற்குப் பிறகும் பண்ணையாள் முறை நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. காம் பெயரைக் கேள்விப்படாமலே, பிறவி, கர்மம், சாதி என்று நம் கைச்சரக்கை வைத்தே அதை நடத்தினோம். ஆகவே காம் கதையை வெளிநாட்டுச் சரக்கு என்று தூக்கி வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ள முடியாது.

நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது பிற்காலத்துக் கதைகளில் சேர்ந்தது. பேழைக்குள் ஒழுக்கம் தவறியதால் காமுக்குத் தோலில் தண்டனை கிடைத்தது என்று தால்மூத்தில் ஒரு செய்தி உண்டு. அரபு மரபிலும் சாபத்தால் கறுத்தான் என்ற கதை பரவியது. அதை மறுத்து எழுதியவரும் அதே மரபில்தான் இருந்தார். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன், தோராவில் சாபம் வேலைக்காரனாவதைப் பற்றித்தான் இருக்கிறதே தவிர நிறத்தைப் பற்றி இல்லை, நிறம் வெயிலும் தட்பவெப்பமும் செய்கிற வேலை என்று தெளிவாக எழுதினார். அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

டெல்டாவில் வழங்குகிற வெள்ளக்கதைகள் இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கும்பகோணத்தில், பிரளயத்தின்போது சிருஷ்டியின் வித்துக்களை அமுதத்தோடு ஒரு குடத்தில் வைத்து மிதக்கவிட, அது வந்து தங்கிய இடம், ஈசன் வேடனாக வந்து அம்பெய்து குடத்தை உடைத்த இடம் அது. சீர்காழியில், பிரளய வெள்ளத்தில் உமையோடு அறுபத்துநான்கு கலைகளையும் ஏற்றிக்கொண்டு தோணியில் வந்து ஈசன் தங்கினார், ஆகவே தோணிபுரம், ஆகவே தோணியப்பர். இரண்டிலும் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகள் பட்டியல் வரவில்லை. ஊர்ப் பெயர் வருகிறது. யார் யாருக்குப் பிறந்தான் என்பது அங்கே கேள்வியே இல்லை, இந்த மண் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வருஷா வருஷம் ஆறு கரை உடைத்த ஊர்க்காரனுக்கு அந்தக் கவலைதானே முதலில் இருந்திருக்கும்! (வம்சக் கதையும் நம்மிடம் ஏராளம் உண்டு, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு புராணம். ஆனால் அவை இந்த வெள்ளக்கதைகளில் ஒட்டவில்லை.)

தஞ்சைக் கிறித்தவர்களும் நோவாவை எடுத்துக்கொண்டபோது சாபத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த, சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நோவாவின் பேழைக் கதையை ஞானத்தச்ச நாடகம் ஆக்கினார். பெயரிலேயே பாருங்கள், தச்சர். காவிரிக் கரையில் தோணி கட்டுகிறவனைப் பார்த்து வளர்ந்த ஜனங்களுக்கு நோவாவிடம் முதலில் கண்ணில் பட்டது உளியும் மரமும்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நண்பருக்கு ஃபோன் போட்டேன். அவர் வகுப்பு நடத்துகிறவரிடம் பேசிவிட்டாராம். "வேதத்துல காமுக்குச் சாபமே இல்லையே, கானானுக்குத்தானே இருக்கு" என்று இவர் காட்ட, அவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, நான் இப்பத்தான் கவனிக்கிறேன். எங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றாராம். நல்ல மனுஷர். அடுத்த வாரம் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஃபோன் மகள் கைக்குப் போனது. பத்தாம் அதிகாரம் முழுக்க விரல் வைத்துப் படித்துவிட்டாளாம்.

"பெரியப்பா, இதுல நம்ம பேரே இல்ல."

"இல்லம்மா."

"அப்ப கானான் பிள்ளைங்க பாவம்ல?"

அதை நான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.